கறுப்பு முதல்ல... சாம்பல் அப்புறம்!

அமெரிக்கா போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைக்கு ஓர் இலக்கணம் உண்டு. நயாகராவில் நனைந்தது, சுதந்திர தேவி சிலைக்குக் கீழே போட்டோ பிடித்தது, மோர்க்குழம்புக்கு ஏங்கியது... நானும் அப்படி எழுதத்தான் தினமும் நோட்டில் குறித்து வைத்தேன். ஊர் திரும்பிப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பக்கங்களில் ஒரே சமாசாரம்தான்.

சாக்கடை!

மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கூடிய மட்டும் நாற்றமில்லாமல் எழுதுகிறேன்.

2024 மே மாதம். சான் ஹோசேயில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன், சாஃப்ட்வேர்) ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். முதலில் யோசெமிட்டி, அப்புறம் கிராண்ட் கேன்யன். வண்டி இருபத்தெட்டு அடி நீளம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், டாய்லெட் எல்லாம் உள்ளேயே. “நம்ம ஃபிளாட்டைவிட வசதியா இருக்குல்ல?” என்றாள் என் மனைவி. சென்னைப் புறநகரில் லோன் போட்டு ஃபிளாட் வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பயணிகள் ஆறு பேர். மச்சான், அவர் மனைவி, அவர்கள் பையன், நாங்கள் இருவர், மாமனார். மாமனார் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக 32 வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அமெரிக்காவுக்கு அவர் கொண்டு வந்த முக்கிய சாமான், ஒரு எவர்சில்வர் சொம்பு.

வாடகைக் கம்பெனிக்காரர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் இருபத்தைந்து நிமிஷம். டாய்லெட் டேங்குக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மச்சானுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது.

விஷயம் சுலபம்தான். வண்டிக்கு மூன்று டேங்க். ஒன்றில் நல்ல தண்ணீர். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேருவது சாம்பல் டேங்க். டாய்லெட் போய்ச் சேருவது கறுப்பு டேங்க். எங்கள் வண்டியில் கறுப்பு 30 காலன், அதாவது நம்ம கணக்கில் சுமார் 113 லிட்டர். நிறைந்ததும் ‘டம்ப் ஸ்டேஷன்’ என்ற இடத்துக்கு ஓட்டிப் போய், மூன்று அங்குல ஹோஸ் பைப்பை மாட்டி, தரையில் இருக்கும் துளைக்குள் விட்டு, வால்வை இழுக்க வேண்டும். பி.காம். படித்த எனக்குப் பளிச்சென்று புரிந்தது. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. வந்ததெல்லாம் போனால்தான் பேரேடு டாலி ஆகும்!

யோசெமிட்டியில் அப்பர் பைன்ஸ் முகாம். ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள், வெள்ளை வெளேரென்று கிரானைட் பாறைகள், தலைக்கு மேலே நட்சத்திரங்கள். ஆனால் முகாமில் கரண்ட், தண்ணீர், சாக்கடை என்று எந்த இணைப்பும் வண்டிக்குக் கிடையாது. எல்லாம் டேங்கை நம்பித்தான். இரண்டாம் நாள் காலையிலேயே சுவரில் இருந்த பலகை ‘முழுசு’ என்று விளக்கைப் போட்டது.

“என்னப்பா இது, அதுக்குள்ள?” என்றார் மச்சான்.

எல்லோரும் சொம்பைப் பார்த்தோம். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

டம்ப் ஸ்டேஷனில் எங்களுக்குப் பின்னால் நாலு வண்டி வரிசை. மச்சான் புது வெள்ளை ஷூவோடு இறங்கி, குழாயின் மூடியைத் திருகினார். எங்களுக்கு முன்னால் வண்டி எடுத்திருந்த புண்ணியவான் வால்வைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார் என்பது அப்போது தெரியவந்தது. மச்சானின் ஷூ விலை 120 டாலர். மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். நாற்றமில்லாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பின்னால் இருந்த வண்டியிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கூட ஒரு நாய், வேறு துணை இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் கையுறையை மாட்டிக்கொண்டு, “முதல் தடவையா? எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று சிரித்தார்.

அப்புறம் நடந்தது ஒரு டியூஷன். முதலில் கையுறை. மூடியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். ஹோஸை வண்டிப் பக்கம் வைத்துக் கால் சுற்றுச் சுற்றினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். மறுமுனையைத் துளைக்குள் நன்றாகச் செருகி, நழுவாமல் இருக்கக் கனமாக எதையாவது வைக்க வேண்டும். அப்புறம் கறுப்பு வால்வு. சத்தம் நின்றதும் அதை மூடிவிட்டுச் சாம்பல் வால்வு. ஏன் இந்த வரிசை? சாம்பல் டேங்கில் இருப்பது சோப்புத் தண்ணீர். ஹோஸை அதுவே அலசிக் கொடுத்துவிடும்.

“கறுப்பு முதல்ல, சாம்பல் அப்புறம். இதை மாத்தினா ஹோஸ் உன்னை மன்னிக்காது” என்றார் பாட்டி.

முடிந்ததும் ஹோஸை வண்டிப் பக்கம் கழற்றித் தூக்கிப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றித் துளையை நோக்கி நடந்தார். உள்ளே இருந்த தண்ணீர் சொட்டு மீதியில்லாமல் இறங்கியது. இரண்டு முனைக்கும் மூடி. கடைசியில் தரையில் சிந்தியிருந்ததையும் கழுவிவிட்டார். அத்தனையும் பத்தே நிமிஷம். வரிசையில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அமெரிக்கர்கள் எல்லோருமே இப்படி உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 ஆகஸ்ட் 8-ம் தேதி, சிகாகோ. டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற பிரபல இசைக்குழுவின் பஸ் ஒன்று ஆற்றுப் பாலத்தில் போனபோது டிரைவர் டேங்கைத் திறந்துவிட்டார். பாலத்தின் தளமோ கம்பி வலை. கீழே, மேல்தளம் திறந்த ஒரு சுற்றுலாப் படகில், கட்டடங்களின் அழகை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம்! இறங்கியது சுமார் 800 பவுண்டு. டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இசைக்குழு 2 லட்சம் டாலர் கட்டியது. இதைச் சொன்னதும் மச்சானுக்குத் தன் ஷூ பற்றிய துக்கம் கொஞ்சம் குறைந்தது.

எங்கள் வண்டியில் ஹோஸுக்கென்று தனி இடம் கிடையாது. மச்சான் அதைச் சுருட்டிப் பக்கவாட்டுப் பெட்டியில் வைக்கப் போனார். அங்கேதான் குடிதண்ணீர் பிடிக்கிற வெள்ளை ஹோஸும் இருந்தது. அதுவரை வாயே திறக்காத மாமனார் அந்த முகாமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

“டேய்! குடிக்கிற குழாயும் இதுவும் ஒரே பெட்டியிலயா? காலராவுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறியா?”

முப்பது வருஷ சர்வீஸ் சும்மாவா? வழியில் ஒரு கடையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கினோம். அதில் கழிவு ஹோஸ், கையுறை, அலசுவதற்கென்று தனியாக ஒரு சின்ன ஹோஸ். டம்ப் ஸ்டேஷனில் அலசும் குழாய் வேறு, குடிதண்ணீர்க் குழாய் வேறு. அலசும் குழாயில் வெள்ளை ஹோஸை மாட்டவே கூடாது. சிலர் வண்டியின் பின் பம்பருக்குள் ஹோஸைச் செருகி வைப்பார்கள். பழைய வண்டிகளில் பம்பர் சதுரக் குழாயாக உள்ளீடற்று இருக்கும். ஈரத்தோடு செருகிச் செருகி பம்பர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்று பாட்டி சொல்லியிருந்தார்.

மொஹாவே பாலைவனத்தைக் கடந்தபோது உச்சி வெயில். வண்டிக்குள் ஒரு வாசனை. டேங்க் உடைந்துவிட்டதோ என்று பயந்தே போனோம். காரணம் அற்பம். டாய்லெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு ஃபிளஷ் செய்தால், அது கறுப்பு டேங்கின் காற்றையே உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவருமாம். ஃபேனை நிறுத்தினோம். கூரையில் இருக்கும் புகைபோக்கி தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

கிராண்ட் கேன்யன். 277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அங்கே தெற்கு விளிம்பில் எங்கள் முகாமில் வண்டிக்கு நேரடிச் சாக்கடை இணைப்பு உண்டு என்பதுதான் எங்கள் நோட்டில் உள்ள செய்தி. மச்சானுக்கு ஒரே குஷி. ஹோஸை மாட்டி இரண்டு வால்வையும் திறந்தே விட்டுவிட்டார். “ஊர்ல டிரெயினேஜ் மாதிரி அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கட்டும்.”

மறுநாள் காலை மாமனார் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஃபிளஷ் செய்தார். “சத்தம் சரியில்லே. தண்ணி மட்டும் ஓடுது. மத்தது தங்குது. வால்வை மூடு.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பக்கத்து வண்டிக்காரர் உறுதி செய்தார். திறந்தே வைத்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். திடமானது டேங்கின் நடுவில் பிரமிடு மாதிரி குவிந்து, காய்ந்து கல்லாகிவிடும். கறுப்பு வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். முக்கால்வாசியாவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் எல்லாவற்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். ஆக, நிறையத் தண்ணீர் விடுவது டேங்குக்கு ரொம்ப நல்லது. சொம்புக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். பள்ளத்தாக்கின் அடியில் கொலராடோ நதியில் ரப்பர் படகில் போகிறவர்கள், தங்கள் மலத்தை டப்பாவில் அடைத்துக் கூடவே எடுத்துக்கொண்டுதான் கரையேற வேண்டும். அந்த டப்பாவுக்கு ‘குரூவர்’ என்று பெயர். அந்தக் காலத்தில் ராணுவத்தின் துப்பாக்கிக் குண்டுப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார்கள். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கத்தில் இரண்டு கோடு பதியும். அதனால் அந்தப் பெயர்! மேலே கிராமத்திலோ, 1926-லேயே கழிவு நீரைச் சுத்தம் செய்து மறுபடி டாய்லெட்டுக்கும் புல்வெளிக்கும் விட்டிருக்கிறார்கள்.

“அவங்கவங்க மூட்டையை அவங்கவங்களே தூக்குறாங்க” என்றார் மாமனார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை.

கடைசி நாள். டேங்கைக் காலி செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் தண்டம். சான் ஹோசேக்குச் சற்று முன்னால் ஒரு டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தினோம். நான் கையுறையை எடுத்தேன். மாமனார் கையை நீட்டினார்.

“குடுங்க மாப்ளே. இன்னிக்கு நான் பண்றேன்.”

“வேண்டாம் மாமா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?”

“இந்த வயசுலயாவது பண்ணணும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். வால்வைத் தள்ளிப் பார்த்தார். மாட்டினார். கறுப்பு முதலில். சத்தம் கேட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“முப்பத்திரண்டு வருஷம் குடையைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுல நின்னேன் மாப்ளே. ‘இன்னும் கொஞ்சம் இறங்குடா’ன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாள்கூட நான் தொட்டதில்லே. கிளவுஸ் கேட்டு வருஷா வருஷம் இண்டென்ட் போடுவேன். ஒரு வருஷம் வந்துது. நாற்பது ஜோடி. கிழிஞ்சுபோனா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றதுன்னு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். நான் ரிடையர் ஆன அன்னிக்கு ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பார்த்தாங்க. நாற்பதும் அப்படியே இருந்துது. ஒண்ணுகூடக் குறையலே.”

சாம்பல் வால்வை இழுத்தார். நான் என்ன சொல்வது? கணக்கு டாலி ஆனதைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, எங்கள் அபார்ட்மென்ட் செப்டிக் டேங்குக்கு லாரி வந்தது. எட்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிற லாரிதான். வழக்கமாக ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். இந்தத் தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். ரப்பர் செருப்பு. வெறுங்கையால் ஹோஸைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

மனிதர்கள் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. 1993-க்குப் பிறகு சாக்கடையில் இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் குறைவில்லை. அந்தப் பையன் கையில்தான் ஒன்றுமில்லை.

மாமனார் ஊருக்கு வந்ததுமே ஒரு டஜன் கிளவுஸ் வாங்கி என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

பையன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாட்டிக்கொள்ளாமல் டிரைவர் சீட்டில் பத்திரமாக வைக்கப் போனான்.

“மாட்டிக்கோப்பா.”

“புதுசா இருக்கு சார். கிழிஞ்சிடப் போவுது.”

“கிழியட்டும். கிழியறதுக்குத்தான் கொடுக்கிறேன்” என்றேன்.