மீதி யாருது?

பஸ்ஸில் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நாற்பது வயது தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு முடியும்வரை சென்னை மாநகரப் பேருந்தில் வளர்ந்தவன். வீட்டில் கற்றுக்கொண்டதைவிட ஒயிட் போர்டு பஸ்ஸில் கற்றுக்கொண்டது அதிகம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பஸ்ஸில் முதலில் பிடிபடாதது கண்டக்டர்தான். மதுரையிலும் திருநெல்வேலியிலும் அவர் கூட்டத்துக்குள் நீந்தி வந்து டிக்கெட் கொடுப்பார். சென்னையில் அவருக்கென்று ஒரு சீட் உண்டு, அதைவிட்டு அவர் எழுந்திருப்பது அபூர்வம். பணம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். முன்படிக்கட்டுப் பக்கம் நிற்பவர் ஒரு நோட்டை நீட்டி, "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்பார். நோட்டு கைமாறிக் கைமாறிப் பின்னால் போகும். 'ஒரு அடையாறு' என்ற சொல்லும் கூடவே வாய்மாறிப் போகும். சற்று நேரத்தில் டிக்கெட்டில் சுற்றிய சில்லறை அதே வழியில் திரும்பி வரும். அத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட மீதி குறைந்ததில்லை. இத்தனைக்கும் நடுவில் இருந்த பத்துக் கைகளில் ஒன்றின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. வீட்டில் சிலருக்கென்று தனி டம்ளர் வைத்திருப்பவர்கூட, பஸ்ஸில் எந்தக் கையிலிருந்து வந்த சில்லறையையும் வாங்கித்தான் தீர வேண்டும். (எங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டம்ளர் இருந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இரண்டாவது சட்டம், மடி. உட்கார்ந்திருப்பவர் மடி பொதுச் சொத்து. நிற்பவரின் புத்தகப் பை, டிபன் கேரியர், சில சமயம் குழந்தை, எல்லாம் அங்கே இறங்கும். கேட்கக்கூட வேண்டாம், கண்ணைப் பார்த்தால் போதும். படிக்கட்டில் தொங்கிய நாட்களில் நானே ஜன்னல் வழியாக யார் யார் மடியிலோ என் பையைப் போட்டிருக்கிறேன். இறங்கும்போது ஜன்னலைத் தட்டினால் பை வெளியே வரும். பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டுக் கத்தியதும், பாட்டிகள் ஏறும்போது சீட்டில் கண்ணை மூடித் தூங்கியதும் உண்டு. அந்தத் தூக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களில் பாதிப் பேர் தூங்கியிருப்பீர்கள்.

வேலை கிடைத்தது, ஸ்கூட்டர் வந்தது, பஸ் போனது. ஸ்கூட்டர்காரனுக்கு பஸ் என்பது வழியை மறைக்கும் ஒரு பெரிய தகரப் பெட்டி, அவ்வளவுதான். பதினைந்து வருடம் அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

இதற்கிடையில் 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த வருடம் அந்த பஸ்களின் முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் பூசினார்கள். எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதற்கு ஒரே பெயர்தான்: ஓசி பஸ். நானும் அப்படித்தான் சொன்னேன். கம்பெனி ஆட்சிக் காலத்தில் அரசுக் கடிதங்களின் மேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று குறித்திருப்பார்கள், அவற்றுக்குத் தபால் செலவு கிடையாது, அதிலிருந்து வந்த சொல்தான் ஓசி என்பார்கள். உண்மையோ கதையோ, துரைமார் கடிதத்தில் இருந்தவரை கௌரவமாக இருந்த எழுத்து, ஏழை வீட்டுப் பக்கம் வந்ததும் வசவாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் என் சட்டைப் பையில் இருந்ததும் இலவச பஸ் பாஸ்தான். கண்டக்டர் கேட்குமுன்பே 'பாஸ்' என்று ஒற்றைச் சொல்லை எறிந்துவிட்டு உள்ளே போவேன். அதற்கு ஓசி என்று பெயர் வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

போன ஐப்பசியில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரு வாரம் கிடந்தது. எனக்கு வேலை மயிலாப்பூரில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது. வீடு துரைப்பாக்கம். முதல் நாள் மாலை மந்தைவெளியில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் கிடைத்தது. நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். கண்டக்டர் முகம் சுளித்து, "சில்லறை வந்ததும் அனுப்புறேன்" என்று டிக்கெட்டை மட்டும் கொடுத்தார். இப்போது கையில் மெஷின் இருக்கிறது, போனில் ஸ்கேன் செய்தும் கட்டலாம். ஆனால் அன்றைக்கு என் போனில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடையாறு தாண்டி மத்திய கைலாஷ் வரும்போது பஸ் நிரம்பிவிட்டது. வெளியே தூறல். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருவைத் தகரத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். வண்டி ஊர்ந்தது. ஸ்டாப்பில் இருபது இருபத்தைந்து பெண்கள், பைகளோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் என்று பார்த்தாலே தெரியும். எனக்கு வீடு போய்ச் சேர வேண்டும். பசி வேறு. முன்னால் குனிந்து டிரைவரிடம் சொன்னேன்: "எல்லாம் ஓசிக் கும்பல் பாஸ். பின்னாடி வண்டில வரட்டும், நீங்க போங்க."

சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகவா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். பதில் பேசவில்லை. இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டு, ஸ்டாப்பிலேயே சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்கள் ஏறினார்கள். இடம் இல்லாத இடத்தில் இருபது பேர் எப்படி ஏறினார்கள் என்பது பஸ்ஸுக்கே வெளிச்சம்.

கண்டக்டர் அவர்கள் ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கொடுத்தார். ஆம், அவர்களுக்கும் டிக்கெட் உண்டு, கட்டணம் மட்டும்தான் பூஜ்யம். அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு கட்டுவது அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான். திட்டம் தொடங்கியபோது அதற்காக அறிவித்த மானியம் 1,200 கோடி ரூபாய். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. ஒருவர் ஏற, இன்னொருவர் கட்டினால் அதற்குக் கணக்கில் என்ன பெயர் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்.

திருவான்மியூர் ரயில் நிலையம் தாண்டியது. எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது: "நூறு ரூபா குடுத்தது யாருப்பா? மீதி வருது!"

எழுந்து போக வழியில்லை. பணம் புறப்பட்டுவிட்டது. நான்கு இருபது ரூபாய் நோட்டுகள், அவற்றுக்குள் நாணயங்கள், எல்லாம் மடித்து ஒரு பொட்டலம். ஒரு கை வாங்கி அடுத்த கையிடம் கொடுத்தது. அந்தக் கை அதற்கடுத்த கைக்கு. நடுவில் யாரோ விட்டதில் ஒரு நாணயம் கீழே விழுந்து உருண்டது. "இருங்கம்மா, காலை எடுங்க" என்று அந்த நெரிசலில் ஒரு அம்மாள் இடுப்பில் பையை இடுக்கிக்கொண்டு குனிந்து, தரையில் துழாவி, ஈரத்தில் ஒட்டியிருந்ததை எடுத்து முந்தானையில் துடைத்துச் சேர்த்துக் கொடுத்தார். அத்தனையும் அவர்கள் கைகள். கண்டக்டருக்கும் எனக்கும் நடுவில் நின்றது அவர்கள் மட்டும்தான். அந்த பஸ்ஸில் மீதி வாங்க வேண்டியவர்கள் என்னைப் போல நாலைந்து ஆண்கள், அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்களோ ஒரு பைசா மீதி இல்லாதவர்கள்.

பொட்டலம் முன்பக்கம் வந்ததும் நின்றது. யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. "மீதி யாருது? யாருதுமா இது?" என்று ஒரு குரல் கேட்டது. நான் கையைத் தூக்கப் போனேன். அதற்குள் இடது பக்க முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, அறுபது வயது இருக்கலாம், ஏற்கெனவே மந்தைவெளியிலிருந்து என்னோடு வருகிறவர், திரும்பிச் சொன்னார்:

"தோ, ஓசிக் கும்பல்னு சொன்னாரே, அவருதாம்மா."

குரலில் கோபமில்லை. ஊசி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முன்னால் நீலச் சட்டை போட்டிருக்கிறாரே அவர், என்று சொல்வதுபோல ஒரு அடையாளம் சொன்னார், அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பொட்டலத்தை வைத்திருந்த பெண் என்னைப் பார்த்தார். என் கையில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்க சார்" என்றார்.

நான் எண்ணினேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறாதது. மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றி சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு எண்ணினேன். சரியாக இருந்தது.

கந்தன்சாவடியில் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பெருங்குடியில் இறங்கினேன். மிச்சத் தூரத்தைத் தூறலில் நடந்தேன். டிரைவரிடம்தானே சொன்னேன், இவர்களிடம் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டே போனேன். பாதி வழியில் வாதம் தீர்ந்துபோனது, வழி தீரவில்லை.

எங்கள் வீட்டில் காலையில் வேலை செய்துகொடுக்கிற அம்மாள் கண்ணகி நகரில் இருக்கிறார். ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு, 2000-ஆம் ஆண்டையொட்டி ஆட்களைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. நகரம் அவர்களைத் தள்ளி வைத்தது, பத்துப்பாத்திரத்தை மட்டும் நகரத்திலேயே வைத்துக்கொண்டது. மறுநாள் காலை அவரிடம், பஸ்ஸில்தானே போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். ஏழு வருடமாக வருகிறார், அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"முன்ன மந்தவெளில ரெண்டு வீடு செஞ்சேன் சார். அடையார் வரைக்கும் ஒரு பஸ்ஸு, அங்கேர்ந்து ஒரு பஸ்ஸு. வாங்குறதுல பஸ்ஸுக்கே போய்டும். வுட்டுட்டேன். ப்ரீ வந்தப்புறம்தான் மறுபடி புடிச்சேன்."

"சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?"

"அது ஆறு, ஆறரை ஆவும். ஏன் சார்?"

ஒன்றுமில்லை என்றேன். முந்தின நாள் அந்த ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தில் அவர் இருந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை, இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவர் பார்த்திருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

மூன்றாம் நாள் அதே நேரம், அதே தடம். வேண்டுமென்றே டிரைவர் பக்கம் போகாமல் நடுவில் உட்கார்ந்தேன். சரியான சில்லறை எடுத்துவந்திருந்தேன். மத்திய கைலாஷில் வழக்கம்போல் கூட்டம் ஏறியது. என் தோளருகே வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தேன். அந்த முதல் சீட்டுப் பெண்மணிதான். இன்று அவருக்கு சீட் இல்லை. நான் எழுந்து இடம் கொடுக்கப் போனேன். "பரவால்ல, நீ உக்காரு. இத்த மட்டும் புடி" என்று ஒரு ஒயர் கூடையை என் மடியில் வைத்தார்.

என்னை அடையாளம் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா? அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேலை நடக்கிற மெட்ரோத் தூணைப் பார்த்துக்கொண்டு வந்தார். கூடை கனத்தது. ஒரு தூக்குச்சட்டி, பழைய துணி சுற்றிய ஏதோ ஒன்று, மேலே ஒரு கட்டுக் கறிவேப்பிலை. கொடுத்த வீட்டில் மூடியைச் சரியாகப் போட்டுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது தூக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியது. சூடு ஆறிப்போன ஈரம் தொடையில் பரவுவது தெரிந்தது. கூடையை நகர்த்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துரைப்பாக்கத்தில் இருவரும் இறங்கினோம். கூடையை வாங்கிக்கொண்டு அவர் கண்ணகி நகர்ப் பக்கம் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "பேன்ட்டுல என்னங்க கறை?"

"ரசம்" என்றேன். "பஸ்ல."