திரையும் பேரேடும்



மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பிரிவை எடுத்துப் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர் கடைவீதிக் குடும்பங்களிலிருந்து வருகின்றனர். கல்லாப்பெட்டியின் ஓசை கேட்டு வளர்ந்த அவர்களுக்கே கணக்குப்பதிவியலின் முதற்பாடம் கடினமாய் இருப்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கிறோம்.

காரணம் எளிது. பணம் கைக்கு வந்தால் அதை 'வரவு' என்பது வீட்டு வழக்கு. பாடநூலோ, ரொக்கக் கணக்கில் உள்வருவதைப் பற்று வைக்கச் சொல்கிறது. 5,000 ரூபாய்ச் சரக்கை ரொக்கத்திற்கு விற்றால், ரொக்கக் கணக்கில் பற்று. விற்பனைக் கணக்கில் வரவு. "பணம் வந்திருக்கிறதே, பிறகு ஏன் சார் பற்று?" என்று மாணவர் கேட்பது நியாயமே. விதியை மனப்பாடம் செய்யச் சொல்வது அதற்கு விடையாகாது.

இங்கேதான் அசைவுப் படம் கைகொடுக்கிறது. இரு கணக்குகளையும் திரையில் அருகருகே வைத்து, அதே தொகை ஒன்றின் இடப்பக்கத்திலும் மற்றொன்றின் வலப்பக்கத்திலும் ஒருங்கே பதிவதைக் காட்டுகிறோம். பற்று என்பது இழப்பன்று, கணக்கின் இடப்பக்கமே என்பது அப்போது விளங்கிவிடுகிறது. 2018 முதல் வெளிவந்த தமிழகப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன; 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. கருவிகளுக்குக் குறைவில்லை.

ஆயினும் பார்ப்பது வேறு, பயில்வது வேறு. விடை தோன்றுமுன் காணொளியை நிறுத்தி, மாணவர் தம் கையால் குறிப்பேட்டில் எழுதிய பிறகே மீண்டும் ஓடவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் டேலி மென்பொருளும் பாடமாக உள்ளது. பற்றும் வரவும் சமமாகாத பதிவை அது ஏற்பதில்லை. ஆனால் வீட்டுச் செலவைக் கடைச் செலவென்று எழுதினால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். கூட்டுத்தொகை சரியாக இருக்கும். கணக்கு பொய்யாக இருக்கும். அந்த இடத்தில் காவல் நிற்பது இறையச்சம் ஒன்றே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டுமென அது கட்டளையிடுவதையும் இப்பாடத்தின்போது நினைவூட்டுகிறோம்.

மாணவர்களைத் தத்தம் கடையைப் பற்றி இரண்டு நிமிடக் காணொளி எடுத்துவரச் சொல்வதுண்டு. ஒரு மாணவர் தந்தையின் கடன் நோட்டைப் படம்பிடித்து வந்தார். அதில் அண்டைவீட்டார் பெயர்களும் பாக்கித் தொகைகளும் தெளிவாகத் தெரிந்தன. வகுப்பில் திரையிடாமல் அவரைத் தனியே அழைத்து, "இது அவர்களின் அமானிதம் அல்லவா?" என்றோம். மறுநாள் பெயர்களின் மேல் தாள் ஒட்டிப் புதிதாக எடுத்து வந்தார். வணிக அறம் குறித்து அன்று நாம் தனியாக விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிக்கிற பிள்ளை என்று கடையிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் உங்கள் கணக்கேட்டின் அருகில் அமர்த்துங்கள். திரையில் கண்டதை அங்கே அவர்கள் உண்மையாகக் காணட்டும். நம் பிள்ளைகளின் கல்வியிலும் வணிகத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.