48 இலக்கச் சாவி

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே அக்காவிடமிருந்து மூன்றாவது அழைப்பு. "தம்பி, இப்போ ஃபார்மட் பண்ணணும்னு கேக்குதுடா. குடுத்துடவா?"

"எதையும் தொடாதீங்கக்கா. கேன்சல் குடுத்துட்டு, டிஸ்கைக் கழட்டி வைங்க. இதோ வந்துட்டேன்."

ஆட்டோவில் ஏறிய பிறகும் படபடப்பு அடங்கவில்லை. விண்டோஸ் அப்படிக் கேட்டால் டிஸ்க் காலி என்று பொருளல்ல. உள்ளே இருப்பதை இந்த நிமிடம் தன்னால் படிக்க முடியவில்லை என்றுதான் பொருள். பூட்டிய டிஸ்கில் ஃபார்மட் கொடுத்தால், பூட்டைத் திறப்பதற்காக டிஸ்கிலேயே எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் அழிந்துபோகலாம். அதன்பின் சாவி கையில் இருந்தும் பயனில்லை.

அக்கா என் பெரியம்மா மகள், ஆடிட்டர். போன மாதம் அவருடைய பழைய லேப்டாப் உயிரை விட்டது. மிஞ்சியது 1 டிபி பேக்கப் டிஸ்க் ஒன்றுதான். கட்சிக்காரர்களின் பான் எண், வங்கிக் கணக்கு, பல வருடக் கணக்கறிக்கைகள் எல்லாம் அதில். தொலைந்தாலும் வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்று அதை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியது நான். 'இந்தக் கம்ப்யூட்டரில் தானாகத் திறக்கட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்ததும் நான்தான். மூன்று வருடங்களாகப் பூட்டின் பாஸ்வேர்டை அடிக்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. பழைய லேப்டாப் தனக்குள் வைத்திருந்த சாவியால் டிஸ்கைத் திறந்து கொடுத்துக்கொண்டே இருந்தது. அது போனதும் அந்தச் சாவியும் போனது.

மேஜையருகே உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் முதலில் காதைக் கொடுத்தேன். மாட்டியதும் டிஸ்க் சுழலத் தொடங்கி, 'டிக்' என்று நின்று, மறுபடி தொடங்கியது. "ஒரு நேரம் பாஸ்வேர்டு கேக்குது, ஒரு நேரம் ஃபார்மட் கேக்குது" என்றார் அக்கா. அந்தச் சொல்லில்தான் பிடி கிடைத்தது. பூட்டு மட்டும் பிரச்சினை என்றால் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். கேள்வி மாறி மாறி வந்தால் பூட்டுக்கு முன்னாலேயே ஏதோ சரியில்லை.

டிஸ்க் மாட்டியிருந்தது ஒரு சின்ன யூஎஸ்பி ஹப்பில். அதே ஹப்பில் பிரிண்டர், மவுஸ், செல்போன் சார்ஜர் வயர். யூஎஸ்பி 2.0 வாய் தர வேண்டியது 500 மில்லியாம்பியர், 3.0 என்றால் 900. சுழலும் டிஸ்க் கிளம்பும் நொடியில் கேட்கும் மின்சாரம் சில சமயம் அதையும் தாண்டும். நான்கு பேர் பங்கு போட்டால் டிஸ்குக்கு எங்கே போதும்? ஹப்பை விலக்கி, என் பையிலிருந்த குட்டைக் கேபிளால் அவருடைய புதிய லேப்டாப்பில் நேராக மாட்டினேன். சத்தம் ஒரே சீராக வந்தது. திரையில் ஃபார்மட் கேள்வி இல்லை, பூட்டுப் படம்.

அக்கா நினைவிலிருந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் அடித்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. இனி 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றுதான் வழி.

"அது பழைய லேப்டாப்புல டாக்குமென்ட்ஸ்ல இருந்துச்சுடா. அதான் தினமும் பேக்கப் ஆகுமே." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு அவராகவே எழுந்துபோய் அலுவலகத்தின் நிரந்தரக் கோப்பை எடுத்து வந்தார். எதையும் ஒரு காகிதமாவது எடுத்து வைக்கும் ஆடிட்டர் பழக்கம் காப்பாற்றியது: உள்ளே இரண்டு மீட்புச் சாவித் தாள்கள். பூட்டுத் திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளைத் தாளோடு ஒத்துப் பார்த்தோம். ஒன்று பழைய லேப்டாப்பின் உள் டிஸ்குக்கானது. மற்றது சேர்ந்தது.

ஆனால் அந்தத் தாளில் எப்போதோ தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. நான்காவது தொகுதியில் ஒரு இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. 17, கறை, 244. எனக்கு இந்தச் சாவியின் அமைப்பில் மிகவும் பிடித்தது இதற்கு வழி வைத்திருப்பதுதான். 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுத்து வருவது 16 பிட் எண். எட்டும் சேர்ந்தால் 128 பிட். எல்லாத் தொகுதிகளும் சரியா என்று பள்ளிக்கூடக் கணக்கிலேயே சோதிக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினேன்: 7, 2, 4 சேர்ந்தால் 13. மறுபக்கம் 1, கறை, 4. 11-ஆல் வகுபட இங்கே இரண்டு பக்கமும் சமமாக வேண்டும். அது 13 ஆக வேண்டுமென்றால் கறைக்குள் இருப்பது 8. 178244.

அக்கா வாசிக்க, நான் அடித்தேன். டிஸ்க் திறந்தது.

உடனே உள்ளே நுழைந்து பைல்களைத் திறக்க வேண்டாம் என்றேன். தடுமாறிய டிஸ்கின் உடல்நிலை முதலில் தெரிய வேண்டும். அது தன்னைப் பற்றி எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளில், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்கள் 16 என்றிருந்தது. சுழியமாக இருக்க வேண்டிய இடம் அது. இந்த நேரத்தில் பலரும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டிவிடுவார்கள். திருத்தச் சொல்லி ஓட்டினால் அது படிப்பதோடு நிற்காது, டிஸ்கில் எழுதவும் செய்யும். தளர்ந்த டிஸ்கை அப்படி உலுக்கக் கூடாது. முதலில் நகல், மற்றதெல்லாம் அப்புறம். புதிய லேப்டாப்பில் இடம் இருந்தது. நடப்பு வருடக் கணக்குகள், பிறகு அதற்கு முந்தையவை என்று அக்கா வரிசை சொல்ல, அப்படியே பிரதியெடுக்கத் தொடங்கினேன்.

அது ஓடும் நேரத்தில் சாவியைப் புதிதாக அச்செடுத்தோம், மூன்று பிரதி. ஒன்று அவர் பீரோவில், ஒன்று நிரந்தரக் கோப்பில் பிளாஸ்டிக் உறைக்குள், ஒன்று தஞ்சாவூருக்கு என்னோடு. புதிய டிஸ்க் வாங்கினால் அதற்குத் தனிச் சாவி வரும், அப்போது தாள்களும் மாற வேண்டும் என்று சொல்லி வைத்தேன். புதிய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் ஹோம். பூட்டிய டிஸ்கைத் திறக்கும், புதிதாகப் பூட்டித் தராது. அதற்கு அவருடைய அலுவலகத்து விண்டோஸ் ப்ரோ கம்ப்யூட்டர் இருக்கிறது. இந்த முறை தானாகத் திறக்கும் டிக் கிடையாது. வாரம் ஒருமுறையாவது அவர் விரலால் பாஸ்வேர்டை அடிக்கட்டும்.

இரவு ஒன்பதரைக்குப் பிரதி முடிந்தது. நான்கு பைல்களை மட்டும் டிஸ்க் கடைசிவரை தரவில்லை. அக்கா அந்த நான்கின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காகிதக் கோப்புகள் இருந்த அலமாரியைத் திறந்தார்.