ஃபேன் சுத்துதுல்லா?

தங்கை மகன் ஒரு காகிதத்தை நீட்டினான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். வீடு ஒழுகினசேரியில்.

'மாமா, ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். லிஸ்ட் சரியாண்ணு பாருங்க.'

மொத்தம் 40,000 ரூபாய். அவன் அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். பிராசசர், மதர்போர்டு, 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., செகண்ட் ஹேண்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரிகிற மூன்று ஃபேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. கடைசி வரியில் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று எழுதி, எதிரே வெறும் கோடு.

'இதென்ன மக்கா, கோடு?'

'அது கேபினட் கூடயே வரும் மாமா. 450 வாட்ஸ். ஃப்ரீ.'

நீங்களும் இப்படித்தான் வாங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். கல்யாண வீட்டுக்குப் போனால் எத்தனை பாயசம் என்று கேட்கிறோம், அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று யார் கேட்கிறோம்?

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி. நடுவில் நிற்கும் தகரப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். வருகிற கரண்டை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கைக்குள் அடங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறது. இந்த வெட்டல் இல்லாமல் அதே வேலையைச் செய்ய வேண்டுமானால், அம்மிக்கல் மாதிரி ஒரு இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய ரேடியோ எலிமினேட்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டிக்காரப் பெட்டிதான். ஆனால் உள்ளே ஒரு உறுப்பு பிசகினால், போக வேண்டிய 12 வோல்ட்டுக்குப் பதில் வேறு எதுவோ போகும். நல்ல பெட்டி அந்த நொடியே தன்னை அணைத்துக்கொள்ளும். மலிவுப் பெட்டியில் அந்தக் காவல்காரனைத்தான் முதலில் வேலையை விட்டு எடுத்திருப்பார்கள்.

எனக்கு இது தெரியவந்தது 2012-ல்.

அந்த வருஷத்து கரண்ட் கட் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர்க்காரனுக்கு அதில் தனி வயிற்றெரிச்சல். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல். கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலை. ஆனால் அக்டோபரில் காற்று சீசன் முடிந்து அவையெல்லாம் கையைக் கட்டி நிற்க, நாங்கள் விசிறிமட்டையோடு திண்ணையில். கரண்ட் திரும்பி வரும் நேரம் இன்னும் மோசம். தெருவில் அத்தனை ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் உசிர் பெறும். பல்பு மங்கும், பளீரென்று எரியும், மறுபடி மங்கும்.

அதில் என் பழைய எஸ்.எம்.பி.எஸ். போயிற்று. மெக்கானிக் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். விலை 500 ரூபாய்க்கும் கீழே. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். கையில் வாங்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம். மெயின் பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார். ஃபேன் சுற்றியது.

'ஃபேன் சுத்துதுல்லா? அப்போ நல்ல சாதனம்தான் சார்.'

எனக்கும் திருப்தி. பச்சையும் கறுப்பும் சேர்ந்தால் பெட்டி விழிக்கும், அவ்வளவுதான். பாரம் ஏற்றினால் தாங்குமா என்பதை அது சொல்லாது என்று அப்போது தெரியாது. மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரி கரண்ட் வந்தவுடன், 'டப்'. கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். தனியாகச் சாகவில்லை, ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

அந்த டிஸ்க்கில் அப்பாவின் குரல் இருந்தது. 1991-ல் ஒரு மத்தியானம், டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்து, பழைய கதைகளைச் சொல்லச் சொன்னேன். குளம் வெட்டினது, நெல் அளந்தது, திருவிதாங்கூர் ராஜா காலத்துச் சங்கதிகள். நடுநடுவே வெற்றிலைக்காக நிறுத்துவார். கேசட்டில் பூசணம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு நாடாவும் அறுந்துவிட்டது. இன்னொரு காப்பி எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று நாள் கடத்தினேன். டேட்டா மீட்டுத் தருவதற்கு சென்னையில் ஒருவர் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளம். அப்போது முடியவில்லை. பிறகு முடிந்தபோது, டிஸ்க்கின் உள்தட்டும் கெட்டுவிட்டது என்றார்கள். இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

செத்த பெட்டியின் லேபிளை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். நீங்கள் கடைக்குப் போனால் மேலே இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிடுங்கள். +12V என்ற கட்டத்தைத் தேடுங்கள், கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள். என் பெட்டியில் 15 ஆம்பியர் போட்டிருந்தது. 180 வாட். அதுவும் அவர்கள் வாய்ச்சொல். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். நியாயமான 450 வாட் பெட்டியில் 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும், 432 வாட்.

பையனுக்கு அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிராசசர் முழு மூச்சில் ஓடினால் 90 வாட். அவன் பார்த்து வைத்திருக்கும் கார்டு 130. மற்றதெல்லாம் சேர்த்து 50. ஆக 270. உண்மையான 450 தாராளம். 750 வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

80 ப்ளஸ் முத்திரையையும் பார்க்கச் சொன்னேன். 2004-ல் வந்த முறை. சுவரிலிருந்து எடுப்பதில் குறைந்தது 80 சதவிகிதத்தை உள்ளே கொடுக்க வேண்டும். 200 வாட் கொடுக்க 250 எடுக்கும், மிச்சம் 50 சூடாகப் போகும். 65 சதவிகிதப் பெட்டி அதே வேலைக்கு 300-க்கு மேல் இழுத்து, 100 வாட் பல்பு எரிவது மாதிரி உள்ளேயே வேகும். கனம் பார், வாரண்டி எத்தனை வருஷம் பார். இப்படிப்பட்ட சில பெட்டிகளுக்கும் மலிவு யு.பி.எஸ்.ஸுக்கும் ஒத்துவராது, கரண்ட் போனதும் மெஷின் அணைந்துவிடும். ஆகவே யு.பி.எஸ்.ஸோடு ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கு. எந்தக் காரணத்துக்கும் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட் பதுங்கியிருக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு, 'தாத்தாக்க குரல் அந்த டிஸ்க்லயா மாமா இருந்து?' என்றான். ஆமாம் என்றேன். கலர் ஃபேன் மூன்றையும் பேனாவால் அடித்தான். ஃப்ரீ கேபினட்டையும் அடித்தான். கோட்டுக்கு மேல் விலை எழுதினான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நாலு நாள் கழித்து போன்.

'மாமா, கேபினட்டைத் தொட்டா சுர்ர்ருங்குது. நீங்க சொன்ன நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஷாக் அடிக்கு!'

ஓடினேன். பெட்டியின் பேரில் குற்றமில்லை. எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இரைச்சலை வடிகட்டி, ஒரு சொட்டுக் கரண்டை எர்த்தில் தள்ளும். எர்த் இல்லையென்றால் அந்தச் சொட்டு கேபினட்டிலேயே நிற்கும், தொட்டால் நம் கையைத் தேடும். உங்கள் வீட்டில் வெறுங்காலோடு சி.பி.யு.வைத் தொட்டுச் சுர்ரென்றிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது பின் இருந்தால் எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அவர்கள் வீட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. 20 வருஷமாக ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அப்படியே ஓடியிருக்கின்றன. தங்கை ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டபோதெல்லாம் 'லேசா பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எலக்ட்ரீஷியன் வந்து, கொல்லையில் தென்னை மூட்டுப் பக்கம் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார். வேனல் காலத்தில் குழி காயாமல் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டு அங்கேயும் ஒரு செம்பு ஊற்றுகிறாள். நேற்று போனில் சொன்னாள்: 'அண்ணே, கம்ப்யூட்டருக்குத் தண்ணி விட்டாச்சு.'