கை போகும் இடம்

செவ்வாய், இரவு 10.40. கைப்பேசி இடது கையில், வலது கை உச்சியில். எத்தனை என்று எண்ணவில்லை. தரையைப் பார்த்த பிறகுதான் பிடுங்கியிருக்கிறேன் என்றே தெரிந்தது.

ஆலோசகர் சொல்லி வாங்கிய நோட்டு இது. எப்போது, எங்கே, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன், மனசில் என்ன ஓடியது என்று நாலு விஷயம் எழுதினால் போதும் என்றார். எழுத உட்கார்ந்தால் நாலோடு நிற்கவில்லை.

*

எல்லா முடியையும் நான் பிடுங்குவதில்லை. விரல் முதலில் தேடும். மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போக, ஒன்று மட்டும் தடிப்பாக, நெளிநெளியாக, கம்பி மாதிரி அகப்படும். அகப்பட்டதை விட முடியாது. அதைத் தனியாகப் பிரித்து, சுண்டி இழுத்து, வேரோடு வந்த வெள்ளை உறையைப் பார்த்து, உதட்டில் ஒருமுறை தடவுவேன். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வலிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். அந்த நிம்மதியைத்தான் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது.

அரிசியில் கல் பொறுக்கும்போதும், தங்கைக்குப் பேன் பார்க்கும்போதும் விரலுக்கு இதே வேலைதான். கூட்டத்தோடு ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

*

ஏழாம் வகுப்பில் தொடங்கியது. பலருக்கும் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்குள் தொடங்குகிறது என்று பிற்பாடு படித்தேன். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் பள்ளியில் ஆயிரம் பெண்களுக்கு மேல். அப்படியானால் என்னைப்போல் இன்னும் பத்துப் பேராவது அங்கே இருந்திருப்பார்கள். ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கு இரட்டைச் சடை கட்டாயம். நடுவகிடு எடுத்து, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். வகிடு சரியாக முடி போன இடத்தின் வழியாகத்தான் போனது. கண்மையைத் தொட்டு அங்கே தேய்த்துக்கொண்டு போன நாட்கள் உண்டு. வியர்த்தால் நெற்றிக்கு வழியும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பாட்டியின் விரல் கண்டுபிடித்துவிட்டது. "ஐயோ, புழு வெட்டியிருக்கேடி." சின்ன வெங்காயத்தை நறுக்கி இரண்டு வேளையும் தேய்த்தாள். எரிச்சலில் கண்ணீர் வரும். சில வாரத்தில் பூனைமுடி மாதிரி முளைத்தது. வெங்காயம்தான் காப்பாற்றியது என்று தெருவெல்லாம் சொன்னாள். எரிகிற இடத்துக்குக் கை போகவில்லை, அதனால் முளைத்தது. அவள் இருந்தவரை அதை நான் சொல்லவில்லை.

*

புழுவெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதன்முதலில் காட்டியவர் ஒரு தோல் மருத்துவர். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலையில் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, திரையில் பெரிதாகக் காட்டினார். புழுவெட்டு என்றால் இடம் பெரும்பாலும் வழவழவென்று இருக்குமாம். விளிம்பில் ஆச்சரியக்குறிபோல, அடி மெலிந்து நுனி தடித்த முடிகள் நிற்குமாம். என் தலையில் குட்டையும் நெட்டையுமாக, அறுந்தவை, சுருண்டவை, நுனி பிளந்தவை, வெறும் கரும்புள்ளியாகத் தெரிந்தவை.

"நீங்களே எடுக்கறீங்களாம்மா?" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற குரல். பதினாலு வருஷத்தில் அப்படி ஒருவர் கேட்டதே இல்லை. அழுதேன். அவர் அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொன்னார்.

வேர்க்கால் உயிரோடு இருக்கும்வரை முடி திரும்ப வரும் என்றார், மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம். ஒரே இடத்தில் வருஷக்கணக்காகப் பிடுங்கினால் வேர்க்கால் தழும்பாகி அங்கே நிரந்தரமாக நின்றுபோகலாம் என்பதையும் மறைக்கவில்லை. வலது காதுக்கு மேலே ஒரு நாணயம் அகலத்துக்கு எனக்கு வரவே இல்லை.

*

பதின்மூன்று வயதில் அம்மா வேண்டிக்கொண்டு பழனிக்கு அழைத்துப் போனாள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். சுற்றி எத்தனையோ மொட்டைகள். தலையை மறைக்காமல் நான் நிமிர்ந்து நின்ற இடம் அது. பள்ளியில் கேட்டபோது "வேண்டுதல்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மொட்டைக்கு நம் ஊரில் ஒரு காரணம் உண்டு, மரியாதை உண்டு. நடுத்தலையில் ஒரு சொட்டைக்கு அந்த வயதில் எதுவும் இல்லை.

மூன்று மாதம் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. நகத்தால் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்ததும் கை திரும்பிவிட்டது.

*

1889இல் பிரான்ஸில் ஹாலோபோ என்ற தோல் மருத்துவர், முடியைக் கற்றை கற்றையாகப் பிடுங்கிக்கொண்ட ஓர் இளைஞனைப் பற்றி எழுதி, ட்ரைக்கோடில்லோமேனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் முடி, பிடுங்குதல், பித்து. முதல் இரண்டு சொல்லோடு அவர் நிறுத்தியிருக்கலாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதை ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோயின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. தோலைக் கிள்ளுவதும் நோண்டுவதும் தனி நோயாக அதில் இடம்பெற்றது அந்தப் பதிப்பில்தான்.

*

வியாழன், மாலை 6. தலையில் பொருக்கு. சின்னதாக ஒரு கொப்புளம் இருந்தது, நோண்டி நோண்டிப் புண்ணாக்கிவிட்டேன். ஆறி வரும்போது மேலே கட்டும் பொருக்கு விரலுக்கு அடுத்த அழைப்பு. நகத்தில் ரத்தம். இதற்கு மருத்துவர் முதலில் பார்ப்பது பொடுகு, அரிப்பு ஏதாவது இருக்கிறதா என்றுதான். இருந்தால் அதற்கு மருந்து, கூடவே நகத்தை ஒட்ட வெட்டுவது. இன்றைக்கு வெட்டினேன்.

*

பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பிடுங்கிய முடியைச் சில பிள்ளைகள் மென்று விழுங்குவார்கள். முடி செரிக்காது. இரைப்பையில் பந்தாகத் திரண்டு, சில நேரம் வால்போலக் குடலுக்குள்ளும் இறங்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். தலையில் முடி குறைகிற பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி, எடை இறக்கம் சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். முடியைத் தின்பது தெரிந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தானாகச் சொல்லாது.

*

மருந்து. 2009இல் அமெரிக்காவில் ஐம்பது பேரிடம் என்-அசிட்டைல்சிஸ்டைன் சோதித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். பிறகு பிள்ளைகளிடம் சோதித்தபோது அப்படி வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மருத்துவர் கொடுத்துப் பார்த்தார், கொஞ்சம் கேட்டது.

அதைவிட உதவியது 1973இல் அஸ்ரின், நன் என்ற இருவர் வகுத்த பயிற்சி. கை கிளம்புவதைக் கிளம்பும்போதே கவனிப்பது, அந்த நிமிடத்துக்கு விரலை மடக்கி இறுக்கிக்கொள்வது, வீட்டில் ஒருவர் துணைக்கு நிற்பது. எழுத எளிது. முதல் மாதம் கை கிளம்பியதை நான் ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. பூத் தொடுக்கிற நேரத்தில் ஒருநாளும் கை போகவில்லை. இப்போது தினம் மாலை கால் கிலோ மல்லி வாங்குகிறேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சரம் போகிறது.

*

"கையை எடு!" அம்மா, அத்தை, டீச்சர், கல்யாணமான பிறகு அவர், எல்லோருக்கும் அதே இரண்டு சொல். எடுத்துவிடுவேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

*

ஞாயிறு. அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள், பதினொரு வயது. கணக்குப் போடும்போது அவள் கை காதுக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. அக்காவும் பார்த்துவிட்டாள், வாயைத் திறந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்து அமர்த்தினேன்.

இரவு அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் பின்னலை அவிழ்த்து, காதுக்கு மேலே அந்த இடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒருமுறை தொட்டாள்.

"சித்தி, உங்களுக்கும் அந்தக் கம்பி மாதிரி முடிதானா?"