முகவரி இழந்த படவுருக்கள்

கணினியிலிருந்து ஒரு மென்பொருளை நீக்குகிறோம். நீக்கம் முற்றுப்பெற்றது என்று கணினியும் அறிவித்துவிடுகிறது. ஆயினும் டெஸ்க்டாப் திரையில் அதன் படவுரு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. சில வேளைகளில் பழைய முகத்தோடு, பல வேளைகளில் மூலை மடிந்த வெள்ளைத் தாளாக. சொடுக்கினால், தான் சுட்டிய பொருள் மாற்றப்பட்டுவிட்டது அல்லது இடம்பெயர்ந்துவிட்டது என்று சொல்லி, இக்குறுக்குவழியை அழித்துவிடலாமா என்று நம்மையே கேட்கிறது. ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த ‘ஆம்’ என்ற சொல்லுக்கு முன் ஒரு நிமிடம் தயங்க வேண்டும் என்பதே நாம் இங்குச் சொல்ல வருவது.

படவுரு என்பது மென்பொருளன்று. 1995இல் விண்டோஸ் 95 வந்த நாள்முதல் நம் திரைகளை நிறைத்துவரும் இந்தக் குறுக்குவழிகள், ஓரிரு கிலோபைட் அளவே கொண்ட தனிக் கோப்புகள். மென்பொருள் எந்தக் கோப்புறையில் குடியிருக்கிறது என்ற முகவரியே அவற்றின் உள்ளடக்கம். காட்டும் படத்தைக்கூடப் பெரும்பாலும் அம்மென்பொருளிடமிருந்தே கடன் வாங்குகின்றன. கடன் கொடுத்தவர் போய்விட்டபின் முகம் வெளுத்துப்போவது இதனால்தான். பழைய முகம் மாறாமல் நிற்குமானால், கணினி படங்களைத் தனியே சேமித்துவைக்கும் கிடங்கிலிருந்து அதை எடுத்துக் காட்டுகிறது என்று கொள்ளலாம்.

நீக்கும்போது இவையும் சேர்ந்து போகாததற்குக் காரணம் உண்டு. மென்பொருளை நிறுவும்போது எவற்றையெல்லாம் எங்கெங்கே வைத்தோம் என்று நிறுவி ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. நீக்கும்போது அக்குறிப்பைப் பார்த்தே பொறுக்கி எடுக்கிறது. பின்னாளில் நாம் பெயர் மாற்றியவை, படியெடுத்து வேறிடத்தில் வைத்தவை, பணிப்பட்டையில் நாமே பொருத்திக்கொண்டவை ஆகியன அக்குறிப்பில் இரா. கோப்புறையை மட்டும் கையால் அழித்துவிட்டால் எல்லாமே எஞ்சும்.

இதுவரை சொன்னவை எல்லா மொழியினர்க்கும் பொது. தமிழில் எழுதுவோர்க்கு மட்டும் இதில் வேறொரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பல குறியேற்றங்களில் தமிழைத் தட்டெழுதினோம். திஸ்கி ஒருபுறம், பாமினி ஒருபுறம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஒருபுறம். இவற்றுக்கு அப்பால், நிறுவனங்கள் தத்தமக்கென வகுத்துக்கொண்டவை. 2010இல் அரசு ஒருங்குறிக்கு மாறியது. அதற்குள் எத்தனை ஆய்வேடுகள், பாடக் குறிப்புகள், கடிதங்கள் பழைய குறியேற்றங்களில் உறைந்துபோயின! இன்று அவற்றைத் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. பாமினி என்றால் புள்ளிக்கு உரிய இடங்களில் அரைப்புள்ளி நின்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். மற்றவை பலவும், தலையில் குறி தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே நிற்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து கண்ணால் பிரித்தறிவது எளிதன்று.

எங்கள் துறைக் கணினியைச் செப்பனிட்டபோது, ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத தமிழ் மென்பொருள்களைக் கணினிக் கூடத்துத் தம்பி நீக்கிக் கொடுத்தார். நான்கு வெள்ளைத் தாள்கள் திரையில் எஞ்சின. அதே கணினியில், நாங்கள் அனைவரும் ‘அம்மா’ என்றே அழைத்துவந்த, இன்று நம்மிடையே இல்லாத மூத்த பேராசிரியையின் கோப்புறை ஒன்றும் இருந்தது. ஊர் ஊராகச் சென்று ஒலிநாடாவில் பதிந்து, பின் தம் கையாலேயே தட்டெழுதி வைத்த ஒப்பாரிப் பாடல்கள். நாடாக்கள் பூஞ்சை பிடித்துவிட்டன. பாடிய மூதாட்டியருள் எவரும் இன்றில்லை. எஞ்சியவை எழுத்துருவின் பெயரைக்கூடத் தாங்காத அந்த வெறும் உரைக்கோப்புகளே.

அந்த வெள்ளைத் தாள்களின்மேல் வலச்சொடுக்கிப் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்து பார்த்தோம். ‘டார்கெட்’ என்ற வரியில், இன்று இல்லாத வீட்டின் முகவரி எழுத்துப் பிசகாமல் இருந்தது. மூன்று பிற்காலத்தவை. நான்காவதில் இருந்த கோப்புறைப் பெயர், அம்மா பயன்படுத்திய செயலி எது என்பதைக் காட்டியது. அது டாப் குறியேற்றத்தில் எழுதுவது. குறியேற்ற மாற்றியில் அதைத் தெரிந்தெடுத்து இட்டதும் முதற் கோப்பு தமிழாக விரிந்தது. கணவனை இழந்தவள் அவன் உழுத வயல்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அழைத்து அழும் பாடல். சற்று நேரம் எங்களுள் எவரும் பேசவில்லை.

நடுகல்லில் பொறித்த எழுத்து மழுங்கிப்போக, வழிச்செல்வோர்க்கு அது விளங்காது நிற்கும் நிலையை அகநானூறு காட்டுகிறது. எழுத்து மழுங்கினாலும் இங்கொருவன் வீழ்ந்தான் என்பதையாவது கல் சொல்லும். கல்லையே பெயர்த்துவிட்டால் அதுவும் இல்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7, முறிந்த குறுக்குவழிகள் நான்குக்கு மேற்பட்டால் தன் பராமரிப்புப் பணியின்போது தானாகவே அவற்றை அகற்றிவிடும். திரையின் தூய்மைக்கு அது உதவியிருக்கலாம்; நினைவுக்கு உதவியதாகச் சொல்ல முடியாது.

படவுருக்களை நீக்கவே கூடாது என்பதன்று நம் கருத்து. குப்பை குப்பைதான். நீக்கும் முன் ‘டார்கெட்’ வரியைப் படித்து, மென்பொருளின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். அதில் எழுதிய கோப்புகள் எவை, எவருடையவை என்று தேடி, ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் பத்திரப்படுத்துவோம். அதன்பின் அழிக்கலாம். அழித்தும் போகவில்லையெனில் எஃப்5 விசையை அழுத்திப் பார்க்கலாம். அனுமதி கேட்டு மறித்தால், அது கணினியின் பயனர் அனைவர்க்கும் பொதுவான திரைக்கோப்புறையில் இருக்கிறது என்று பொருள். நிர்வாகி உரிமையோடு அகற்ற வேண்டும்.

அம்மாவின் கோப்புறையில் இன்னும் பல கோப்புகள் மாற்றப்படாமல் உள்ளன. முதுகலை மாணவியர் இருவர் வாரம் ஒரு மாலை அமர்ந்து மாற்றிவருகின்றனர். மற்ற மூன்று படவுருக்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு அழித்தாயிற்று. நான்காவது, அந்த வேலை முடியும்வரை திரையில் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.