போர்வையும் எண்ணெயும்

நோயாளியின் வீட்டுக்குள் குருவானவர் நுழைவதைக் கண்டதும், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயர் வழக்கொழிந்தாலும், அப்பெயர் விதைத்த அச்சம் ஒழியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே, இதனை 'நோயில் பூசுதல்' என அழைப்பதே பொருத்தம் என்றும், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. சபையின் மூப்பர்களை அழைக்குமாறு யாக்கோபு தம் திருமுகத்தில் பணிப்பதும் நோயுற்றவருக்காகவே.

மருத்துவ உலகிலும் இதே அவப்பெயருக்கு ஆளான ஒரு சொல் உண்டு. 'பாலியேட்டிவ் கேர்' எனப்படும் வலிதணிப்புப் பராமரிப்பே அது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்ட பின்னர்த் தரப்படுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் தந்த வரையறை, கீமோதெரபி, கதிர்வீச்சு போன்ற சிகிச்சைகள் நடக்கும்போதே, நோயின் தொடக்கத்திலேயே இப்பராமரிப்பு பொருந்தும் என்கிறது. அச்சொல்லின் வேர் 'பாலியும்' என்னும் இலத்தீன் சொல். போர்வை என்பது அதன் பொருள். மயிலுக்குப் பேகனும், அமியான் நகர வாயிலில் இரந்து நின்றவனுக்குப் புனித மார்ட்டினாரும் போர்வை தந்தது குளிர் வாட்டிய வேளையில் அன்றோ? உயிர் பிரிந்த பின் உடலை மூடுவதற்குப் போர்வை எதற்கு?

எம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்டது. நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வாரத்தில் ஐந்து நாளாக ஏறத்தாழ ஆறு வாரம் அவர் செல்ல வேண்டியிருந்தது. சில நாள்கள் நானும் உடன் சென்றேன். தலை அசையாதிருக்க, அவர் முகத்தின் அளவுக்கே செய்யப்பட்ட வலை போன்ற முகமூடியை மேசையோடு பொருத்துகின்றனர். பின்னர் எல்லாரும் வெளியேற, கனத்த கதவு மூடப்படுகிறது. உள்ளே அவர் மட்டும். சில நிமிடங்களே எனினும், "கல்லறைக்குள்ள வச்ச மாதிரி இருக்கு, சாமி" என்றார். கதிர் பாயும்போது வலிப்பதில்லை. வலி பின்னர் வருகிறது. மூன்றாம் வாரத்தில் வாயெங்கும் புண். உமிழ்நீர் வற்றியது, சுவை அற்றது, கஞ்சியும் எரிந்தது.

செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பணியாற்றி, 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 'முழு வலி' என்ற கருத்தை உலகுக்குத் தந்தார். உடல், உள்ளம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்தே நோகின்றன என்பது அதன் சாரம். அம்முதியவரிடம் நான்கையும் கண்டேன். வாய்ப்புண் உடலின் வலி. முகமூடி உள்ளத்தின் வலி. நாள்தோறும் ஆகும் பேருந்துச் செலவு, துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலி, வீட்டில் அவருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட தட்டும் தம்ளரும் உறவின் வலி. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை, பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை என்று செவிலியர் விளக்கிய பின்னரே அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது. "எந்தப் பாவத்துக்கு இது, சாமி?" என்ற கேள்வி ஆன்மாவின் வலி. பிறவிக் குருடரைக் குறித்துச் சீடர்கள் கேட்டதும் இதுவே. அந்தப் பாவக் கணக்கை ஆண்டவர் ஏற்கவில்லை.

மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தபோது அவர் மறுத்தார். பழக்கமாகிவிடுமோ என்ற அச்சம் ஒன்று. ஆண்டவர் தந்த சிலுவையை மாத்திரையால் இறக்கி வைப்பதா என்ற தயக்கம் மற்றொன்று. வலிக்கென அளவறிந்து, நேரம் தவறாது கொடுக்கும்போது அடிமைப்படுதல் அரிது என மருத்துவர் முதலாவதற்கு விடை சொன்னார். இரண்டாவது என் பொறுப்பாயிற்று. வலிநீக்கும் மருந்தை ஏற்பது அறநெறிக்கு முரணன்று எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மருத்துவர்களுக்கு விளக்கியிருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2279) வலிதணிப்புப் பராமரிப்பை அன்புப் பணியாகக் கண்டு ஊக்குவிக்கிறது. ஆயினும் நான் அவரிடம் பேசியது சீரேனே ஊர் சீமோனைப் பற்றியே. "ஆண்டவருடைய சிலுவையையே இன்னொருவர் சுமந்தார், ஆண்டவர் தடுக்கவில்லை. உங்கள் சிலுவைக்குத் தோள் கொடுக்க மருத்துவர் வந்தால் நீங்கள் ஏன் தடுக்க வேண்டும்?" நெடுநேரம் பேசாதிருந்தார். அன்றிரவு மருந்தை உட்கொண்டு உறங்கினார்.

நோயில் பூசுதலையும் அந்நாள்களில்தான் பெற்றார், தம் காலால் கோவிலுக்கு நடந்து வந்து. கதிர் படும் தோலில் எண்ணெய் எதையும் தடவலாகாது என்று மருத்துவமனையில் எச்சரித்திருந்தனர். திருச்சடங்கு கேட்பதோ நெற்றியும் கைகளும் மட்டுமே. அப்பத்தை விழுங்க இயலாத நாள்களில், அதன் சிறு துணுக்கை ஒரு கரண்டி நீரோடு கொடுத்தேன். சிறு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் எனக் குருமடத்தில் கற்ற பாடம், அந்தக் கரண்டியின் முன் உயிர் பெற்றது.

மருந்துக்கு எட்டாத வலி தனிமை. அதற்கு எங்கள் அன்பியத்தார் வழி கண்டனர். முறைவைத்து, நாளுக்கு ஒருவராய் அவருடன் பேருந்தில் சென்றனர். மகன் வேலைக்குத் திரும்பினான். மூடிய கதவுக்கு வெளியே ஒருவர் செபமாலையோடு காத்திருக்கிறார் என்ற நினைவே உள்ளே தமக்குத் துணை என்றார் முதியவர். சிகிச்சை முடிந்துவிட்டது. நோய் நீங்கிற்றா என்பதை வரும் பரிசோதனைகளே சொல்லும்.

அன்பு வாசகர்களே, ஆண்டுதோறும் பிப்ரவரி 11-இல் உலக நோயாளர் தினத் திருப்பலி நிகழ்த்துகிறோம். நல்லதே. ஆனால் உங்கள் தெருவிலிருந்து 'கரண்டு வைக்க'ப் போகின்றவர் யார் என்று விசாரித்ததுண்டா? குருவானவரை நோயின் தொடக்கத்திலேயே அழையுங்கள். வலியைப் பற்றி மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். நாளைக் காலைப் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கக்கூடும்.